எட்டுப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும்

தளவாய்புரத்துப் படிப்பகம் ஒன்றில் அண்மையில் பேசிக்கொண்டிருந்தபோது, இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, என் தாயைப் பெற்ற பாட்டிக்குப் பிள்ளைகள் எட்டு. என் தாய்க்கு நான் ஒருவன்தான். பாட்டியின் பிள்ளைகள் ஏழு வயதில் வேலைக்குப் போனார்கள். நான் இருபத்திரண்டு வயதிலும் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்று பிள்ளைகள் மிகுதி, ஆகவே வேலை. இன்று பிள்ளைகள் குறைவு, ஆகவே படிப்பு. கணக்கு இவ்வளவுதானே? இதில் சீர்திருத்தத்திற்கு என்ன வேலை?"

கைதட்டல் எழுந்தது. கேள்வி கூர்மையானது, கணக்கும் பார்வைக்குப் பிழையற்றது. எனினும், வரலாற்றில் காரணம் எது, காரியம் எது என்று காண்பது வாய்பாடு ஒப்புவிப்பதைப் போன்றதன்று. பிள்ளைகள் குறைந்ததால் வேலை நீங்கியதா? வேலை நீங்கியதால் பிள்ளைகள் குறைந்தனரா? அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அரைகுறையாக விடை கூறிவிட்டுத் திரும்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

குழந்தை பிறப்பது இயற்கை. ஆனால் குழந்தைப் பருவம்? இத்தனை வயது வரை விளையாடலாம், இத்தனை வயது வரை உழைக்க வேண்டுவதில்லை, இத்தனை வயது வரை மணம் கூடாது என்ற எல்லைக்கோடுகளை எந்தக் குழந்தையும் கருவறையிலிருந்து கொண்டுவருவதில்லை. அவை சமுதாயம் போட்ட கோடுகள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960இல் இதை எழுதியபோது ஐரோப்பாவில் பெரும் பூசல் எழுந்தது. இடைக்கால ஓவியங்களில் குழந்தைகள் சின்ன உருவப் பெரியவர்களாகவே நிற்கின்றனர், குழந்தைமை என்ற கருத்தே பிற்காலத்தில் விளைந்தது என்றார் அவர். அவர் அளவுமீறிச் சொன்னார், பெற்றோரின் பாசம் எக்காலத்தும் இருந்தது என்று பின்வந்தோர் மறுத்தனர். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் பாசம் வேறு, பருவம் வேறு. பாசத்தோடு மகனைத் தழுவிய தந்தைதான் மறுநாள் விடியலில் அவனை மாடு மேய்க்க எழுப்பினான்.

நம் நாட்டுச் சான்றுக்கு ஆரியேயைத் தேடிப் போக வேண்டுவதில்லை. தளவாய்புரத்திலிருந்து இராசபாளையம் வழியாகச் சென்றால் திருவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டினார், தவழ விட்டார், அம்புலி காட்டினார். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு அவரை முன்னோடி என்பர் புலவர். பின்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். மூன்றாம் திங்களில் காப்பு, பின்னர் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று நடந்து, இருபத்தோராம் திங்களில் சிறுதேர் உருட்டும் வரை பத்துப் பருவங்கள். குழந்தையின் அசைவு ஒவ்வொன்றையும் இத்துணை நுட்பமாகக் கண்ட மொழி உலகில் சிலவே! பெருமைப்படுவோம், பெருமைப்பட்டபின் ஒரு கேள்வியும் கேட்போம். பாடப்பட்ட பிள்ளைகள் யார்? கடவுளர், மன்னர், சமயத் தலைவர்; நம் காலத்தில் அரசியல் தலைவர்களும். களத்துமேட்டில் கதிர் பொறுக்கிய பிள்ளைக்கு எத்தனை பருவங்கள்? அதைப் பாடிய புலவரைக் காணோம். சிற்றில் சிதைக்கவும் சிறுதேர் உருட்டவும் ஓய்வு இருந்த வீட்டில்தான் அந்தப் பருவங்கள் கண்ணில் பட்டன.

பெண் மகவுக்கோ கணக்கே வேறு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று உலா நூல்கள் எழு பருவம் வகுத்தன. ஐந்து வயதில் பேதை. பன்னிரண்டு, பதின்மூன்றில் மங்கை. வீதியில் வரும் தலைவனைக் கண்டு அவள் எவ்வாறு மயங்குகிறாள் என்பதே அந்தப் பருவங்களுக்கு அளவுகோல்! அவள் என்ன கற்றாள், என்ன விளையாடினாள் என்பதன்று.

வெள்ளையர் ஆட்சியில் இந்தக் கோடுகள் சட்டமாயின. அங்கும் வேடிக்கையைப் பாருங்கள். 1875இன் இந்திய வயதுவரைச் சட்டப்படி ஒருவன் பதினெட்டில் பெரியவன் ஆவான். ஆனால் அவன் பெருஞ்சொத்துக்கு வாரிசாகி, காப்பாளர் மன்றத்தின் பொறுப்பில் இருந்தால், இருபத்தொரு வயது வரை சிறுவன். சொத்தை எவரும் ஏமாற்றிப் பறித்துவிடக் கூடாதே, அதற்காக! ஆறாண்டு கழித்து, 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன்படி ஏழு வயது முடியாத பிள்ளையை ஆலையில் வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். பன்னிரண்டைக் கடந்தால் அவன் முழு ஆள். சமீன் வாரிசுக்கு இருபத்தொன்று வரை பிள்ளைப் பருவம். ஆலைத் தொழிலாளி மகனுக்குப் பன்னிரண்டோடு முடிவு. ஒரே நாடு, ஒரே ஆட்சி, ஒரே பத்தாண்டு! சேத்தூர்ச் சமீனும் அதன் அடியில் குனிந்து நின்ற குடிகளும் இருந்த இவ்வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய வீட்டின் மூன்று வயது மகன் "சின்ன எசமான்". அவ்வீட்டுக்கு உழைத்து நரைத்த அறுபது வயதுக்காரர் "டேய் பையா". வயதும் சாதியைப் பார்த்துத்தான் கணக்கிடப்பட்டது.

அந்த 1881 சட்டமும் இரக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. பம்பாய் ஆலைகளின் மலிந்த கூலியைக் கண்டு அஞ்சிய இலங்காசயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலும் அதன் பின்னே இருந்தது. எவ்வாறாயினும், கோடு நகர்ந்தது. 1891இல் ஏழு ஒன்பதாயிற்று. 1922இல் பன்னிரண்டு. 1948இல் பதினான்கு. அறுபத்தேழு ஆண்டுகளில் குழந்தைப் பருவம் இருமடங்காக நீண்டது. குழந்தையின் உடலில் எந்த மாற்றமும் நிகழாமலே!

மணத்தின் வழியே நடந்த போராட்டமும் இதுவே. சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு. இடைப்பட்ட ஆறு மாதங்களில் வைதிகம் செய்தது என்ன? சட்டம் வருமுன் முடித்துவிட வேண்டுமென்று குழந்தைகளுக்கு ஓட்டமும் பெருநடையுமாகத் தாலி கட்டி வைத்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்த அவசரத்தின் தடம் பதிந்தே இருக்கிறது. சாரதா சட்டம் நிறைவேறுமுன்னரே, 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டுமென்று தீர்மானித்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இனி எட்டுப் பிள்ளைக் கணக்குக்கு வருவோம். எட்டுப் பெற்றவள் எட்டையும் வளர்த்தாள் என்று எண்ணுவதே முதற்பிழை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் மகவில் ஏறக்குறைய இருநூறு முதலாண்டு நிறையுமுன்பே மாண்டன. இது பதிவேட்டில் ஏறிய சாவு மட்டும். 1971இல்கூடத் தமிழகத்தில் ஆயிரத்துக்கு 113. சாவின் இந்த நிழல் நம் ஊர்ப் பெயர்களிலேயே படிந்து கிடக்கிறது. முந்திய மகவு இறந்துபோனால் அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் "குப்பை" என்று பெயரிட்டனர். "பிச்சை" என்றனர். மூக்குக் குத்தி "மூக்கன்" என்றனர். இழிந்த பெயரைக் கேட்டால் எமன் ஏமாந்து போவான் என்பது நம்பிக்கை. மருத்துவச்சியின் துருப்பிடித்த கத்தியையும் ஊருணி நீரையும் விட்டுவிட்டு எமனோடு கண்ணாமூச்சி ஆடினார்கள்! நகைப்பதா, அழுவதா? பெண்கள் தொடர்ந்து பிறந்தாலோ "போதும்பொண்ணு", "வேண்டாம்பொண்ணு". மக்கள்தொகை வரலாற்றை ஒற்றைச் சொல்லில் எழுதிய பெயர்கள் இவை. அப்பெயரைத் தாங்கிய பெண், தான் வேண்டாதவள் என்ற தீர்ப்பைத் தானே ஒவ்வொரு நாளும் கேட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

பிழைத்த பிள்ளை என்ன ஆயிற்று? சுந்தரபாண்டியம், சத்திரப்பட்டி போன்ற தறி ஊர்களை எண்ணிப் பாருங்கள். தறியில் அமர்ந்து நெய்பவன் ஒருவன். அவனுக்குப் பாவு தோய்க்க வேண்டும். இழை பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்றித் தரவேண்டும். தார் சுற்ற வலிமை வேண்டாம். சிறு விரல்கள் போதும். ஒரு பிள்ளை தார் சுற்றாவிட்டால் தறி நின்றுபோகும். அல்லது கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். பிள்ளை அங்கே செலவன்று, வரவு. அவ்வீட்டுக்காரனை நோக்கி, "பிள்ளையைக் குறைத்துக்கொள், வறுமை நீங்கும்" என்று நகரத்து அறிஞர் அறிவுரை கூறினால் அவன் சிரித்திருப்பான்.

உண்மையிலேயே அவ்வாறு நடந்தது பஞ்சாபில். 1950களில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் கன்னா வட்டாரத்துச் சிற்றூர்களில் கருத்தடை மாத்திரை வழங்கி ஆய்ந்தனர். மக்கள் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டனர், பிறப்பு குறையவில்லை. மகுமூது மம்தானி என்பவர் பின்னர் அவ்வூர்களுள் ஒன்றான மனுப்பூருக்குச் சென்று காரணம் கேட்டு, 1972இல் நூலாக வெளியிட்டார். பிள்ளை என்பது உழைக்கும் கை. கை குறைந்தால் வறுமை கூடும் என்பதே அவர் கண்ட விடை. ஆசுத்திரேலிய அறிஞர் சான் கால்டுவெல் (நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் வேறு!) இதனை இன்னும் தெளிவாக்கினார். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் பாயும் வரை பிறப்பு குறையாது. பொதுப்பள்ளி வந்து, பிள்ளைக்குப் பெற்றோர் செலவிடும் நிலை பிறந்தால், பாய்ச்சல் திசை மாறும், பிறப்பு குறையும். 1976இலும் 1980இலும் அவர் எழுதிய கட்டுரைகளின் சாரம் இது.

ஆக, இளைஞரின் கணக்கு தலைகீழாகிறது. பிள்ளை பள்ளிக்குப் போனதும், போன பிள்ளை சாகாமல் வளர்ந்ததும் முன்னே; பிள்ளைகள் குறைந்தது பின்னே. முழுக்க முழுக்க இப்படித்தான் என்று நான் அடம்பிடிக்கவில்லை. மணவயது உயர்ந்தது, மருத்துவமனை அருகே வந்தது, பேருந்து ஓடியது என எல்லாம் சேர்ந்தே இழுத்தன. ஆனால் "எண்ணிக்கை குறைந்தால் குழந்தை தானாக விடுபடும்" என்பது பொய். அதற்குச் சான்று நம் பக்கத்திலேயே, சிவகாசியில் இருக்கிறது. தமிழகத்தில் ஒரு பெண் பெறும் சராசரிப் பிள்ளைகள் 1971இல் 3.9, 1981இல் 3.4. பிறப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. அப்போது சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் என்ன நிலை? 1985 இறுதியில் பதிவு பெற்ற 221 ஆலைகளில் வேலை செய்த 27,338 பேரில் 2,941 பேர் குழந்தைகள். உச்சநீதிமன்றத் தீர்ப்பில் ஏறிய எண் இது. பதிவு பெறாத கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் சட்டத்தில் குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய பிஞ்சுக் கைகள் அதில் அடங்கா. எம். சி. மேத்தா தொடுத்த அந்த வழக்கில் 1996 டிசம்பரில்தான், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. விடுவித்தது சட்டம், அதனினும் மேலாகப் பள்ளி, பள்ளிக்கு இழுத்தது சோறு.

சோற்றின் கதையைச் சுருக்கமாகவே கூறுகிறேன், பலரும் அறிந்தது. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தந்தது. 1956இல் காமராசர் அதனைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார்; அவரே வறுமையால் பள்ளியை இடையில் விட்டு, விருதுநகரில் துணிக்கடையில் நின்ற சிறுவர். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைப் பெருந்திட்டமாக்கியது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தட்டில் விழுந்த சோறு, தறியடியிலிருந்து ஒரு பிள்ளையை எழுப்பியது.

இடையில் ஓர் இடறல் நேர்ந்ததை மறக்கலாகாது. 1953 சூனில், இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. எஞ்சிய நேரம் பிள்ளைகள் தந்தையின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. எதிர்த்தவர்கள் "குலக்கல்வி" என்று அதற்குப் பெயரிட்டனர், பெயர் நிலைத்துவிட்டது. தந்தை தொழில் கெட்டதா என்று கேட்டனர் திட்டத்தின் காவலர். தொழில் கெட்டதன்று. ஆனால் வழக்கறிஞரின் மகன் நண்பகலுக்குப் பின் எந்தத் தறியில் அமர்வான்? அவன் வீட்டில் அவனுக்குப் புத்தகம் இருக்கும். நெசவாளியின் மகனுக்குத் தார் இருக்கும். பாதி நாள் குழந்தை, பாதி நாள் குலத்தொழிலாளி! பெரியாரும் அண்ணாவும் காமராசரும் வெவ்வேறு திசைகளிலிருந்து அதனைத் தாக்கினர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டதா, உண்மையாகவே? 1938இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. 1986 சட்டத்திலும் அதே விலக்கு. 2016இல் திருத்தம் வந்து, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் வைக்கக் கூடாது என்று முழங்கியது. வரவேற்றோம். அடுத்த வரியைப் படித்தோம்: பள்ளி நேரம் கழிந்தபின்பும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம், இடர்மிகு தொழிலாக இல்லாதவரை. குடும்பம் என்றால் தாய் தந்தை மட்டுமல்லர். சித்தப்பன், அத்தை, மாமன், சித்தி எல்லாரும் அடக்கம். 1953இல் வாசல் வழியாக வந்ததை விரட்டினோம். அது 2016இல் கொல்லைப்புறத்துக் கதவைத் தட்டிற்று.

தளவாய்புரம் இன்று நைட்டித் தையலுக்குப் பெயர் பெற்ற ஊர். தையல் இயந்திரம் ஆலையில் மட்டுமா இருக்கும்? வீட்டுக் கூடத்திலும் இருக்கும். கூலி உருப்படிக் கணக்கில் வரும். தாய் தைக்க, பிசிறு வெட்டவும் மடித்து அடுக்கவும் ஒரு சிறு கை நீண்டால், அது உதவியா, வேலையா? அரை மணி உதவி. நான்கு மணி வேலை. கோடு எங்கே? எந்த ஆய்வாளர் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் வந்து கடிகாரம் பார்ப்பார்? பெற்றவளைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. உருப்படிக் கூலி அவள் ஒருத்தியின் கைக்குப் போதுமானதாக இருந்தால், இரண்டாவது கைக்கு அங்கே தேவையே எழாது.

இறுதியாக, பெற்றவளைப் பற்றி. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி, மூன்று பெற்றபின் நான்காவதும் பெறுவதை "முன்யோசனையற்ற தாய்மை" என்று தம் அறிக்கையில் குறித்தார். தாய்மைக்குத்தான் முன்யோசனை இல்லை. தந்தைமைக்கு உண்டு போலும்! பின்னர் அவர் சென்னை அரசின் தலைமைச் செயலாளராக இருந்தபோது, கருத்தடை அறுவைக்குப் பணம் தரும் திட்டமும் வந்தது. நாட்டுக்காகப் பெறாதே என்றது அரசு. இன்றோ காற்று திசை மாறி வீசுகிறது. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் 1.8தான் என்று 2019–21 குடும்பநல ஆய்வு கண்டது. 1961இல் தமிழகத்தாரில் மூவருள் ஒருவருக்கும் மேல் பதினைந்து வயதுக்குட்பட்டோர். 2011இல் அது ஏறத்தாழ நால்வருள் ஒருவராயிற்று. நாடாளுமன்ற இடங்கள் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படும் என்ற அச்சம் எழுந்தது. அச்சத்தில் நியாயம் உண்டு: 1962இல் 41ஆக இருந்த நம் இடங்கள் 1967இல் 39ஆகக் குறைந்ததைக் கண்டவர்கள் நாம். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற மாநிலம் அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது என்று 1976இல் 42ஆம் திருத்தம் 1971 கணக்கோடு எண்ணிக்கையை நிறுத்தியது. 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. உரிமைக்குப் போராடுவோம், உரக்கவே போராடுவோம். ஆனால் 2024இலும் 2025இலும் ஆந்திர முதலமைச்சரும் தமிழக முதலமைச்சரும் மணவிழா மேடையில் உட்பட, கூடுதலாகப் பெறுங்கள் என்று பேசியபோது என் மனம் ஒப்பவில்லை. நம்மவர் பேச்சு என்பதற்காக அதற்குக் கைதட்ட இயலுமா? 1930களில் பெரியார் கருத்தடையை ஆதரித்து எழுதியபோது, பிறர் நாட்டின் பொருளாதாரத்தையும் குடும்பச் சொத்தையும் காரணம் காட்டினர். அவரோ பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டினார். அக்காரணத்துக்கு மக்கள்தொகை கூடினாலும் குறைந்தாலும் பொருள் ஒன்றே.

தளவாய்புரத்து இளைஞர் சென்ற வாரம் எழுதியிருந்தார். பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டாராம். எட்டுப் பேறுகளில் முதலாவது மூன்றாம் மாதத்திலும், நான்காவது அம்மை கண்டும், ஆறாவது பிறந்த அன்றே பெயரின்றியும் மாண்டன. வளர்ந்தவர்கள் ஐவர். அவர்களுள் பள்ளிப்படியைத் தாண்டி உள்ளே போனவர் கடைக்குட்டி ஒருத்தி, அவருடைய தாய். சத்துணவு வந்த ஆண்டில், சோற்றுக்காகத்தான் சேர்த்துவிட்டார்களாம். மூத்த பெரியம்மா எந்த வயதில் வேலைக்கு உட்கார்ந்தார் என்று இவர் கேட்டிருக்கிறார். வயது பாட்டிக்குத் தெரியவில்லை. "இராட்டைப் பிடி அவளுக்குக் கைக்கு எட்டினப்போ" என்றாராம்.